முதுகுக்குப் பின்னால் ஒரு நாற்காலி

எட்டு ஆண்டுகளில் நானூற்றுப் பன்னிரண்டு பத்திகள். நாளிதழில் போக்கர் ஆட்டத்தைப் பற்றி வாராவாரம் எழுதிய அவளை, ஆட்ட மண்டபத்தில் 'பத்திக்காரி' என்றே அழைத்தார்கள்.

ஆரம்பத்தில் அவள் எழுத்தை யாரும் சீந்தவில்லை. கையில் இரண்டு மூடிய சீட்டு, மேசை நடுவே எல்லோருக்கும் பொதுவாக ஐந்து, அந்த ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்த்தவருக்கு வெற்றி என்று பாடப்புத்தகம்போல எழுதினாள். சீட்டையே தொட்டறியாத அக்கா படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"ராஜா ராணியெல்லாம் எனக்கு எதுக்குடி? அந்த ஆளு பயந்தானா இல்லையா, அதைச் சொல்லு."

"பயந்தாலும் காட்டிக்க மாட்டாங்கக்கா. ஆட்டமே அதான்."

"அப்போ அதை எழுதித் தொலையேன், மக்கு!"

அன்றிலிருந்து மனிதர்களை எழுதினாள். உதவாத சீட்டை வைத்துக்கொண்டு பந்தயத்தை ஏற்றலாம். மிரண்டுபோய் எல்லோரும் விலகிவிட்டால் சீட்டைக் காட்டாமலே ஜெயிக்கலாம். அந்தப் பாவ்லாவை அருகிலிருந்து பார்க்க, ஆட்டக்காரர் சம்மதித்தால் அவருக்குப் பின்னால் ஒரு நாற்காலி கிடைக்கும். பெரும்பாலோர் மறுத்தார்கள். தையல்காரர் ஒருவர்தான் ஏழு வருடமாக, "உக்காரும்மா, மூச்சை மட்டும் மெதுவா விடு" என்பார்.

அவர் முதன்முறையாக இறுதிச் சுற்றுக்குத் தேறிய அன்று, அச்சுக்குப் போக நாற்பது நிமிடமே இருந்தது. அவள் எழுதினாள்: 'கையில் ஒன்றுமில்லாதபோது இவர் விரல் சட்டைக் காலரின் பொத்தானைத் தேடும்.'

மறுநாள் காலை மண்டபமே அதைப் படித்திருந்தது, தையல்காரரைத் தவிர. ஆட்ட நாளில் அவர் பேப்பர் தொடுவதில்லை.

பந்தயத்தை ஏற்றினார். விரல் கழுத்துக்குப் போயிற்று. பின்னாலிருந்த பத்திக்காரிக்கு அந்தக் கையைப் பிடித்து இழுக்க வேண்டும்போல இருந்தது. நாற்காலியில் இருப்பவர் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. எதிரில் இருந்த பல் மருத்துவர் யோசிக்காமல் அதே தொகையை வைத்து ஈடுகட்டி, சீட்டைக் காட்டி, பந்தயச் சில்லுகளை அள்ளிக்கொண்டார். அடுத்த முறையும் அப்படியே. மூன்றாவது முறை தையல்காரரிடம் சில்லு மிஞ்சவில்லை.

"பொத்தான் பிஞ்சிடப்போகுது, தையல்காரரே!" என்றார் பல் மருத்துவர்.

பேப்பரை யாரோ நீட்டினார்கள். தையல்காரர் நின்றபடியே படித்தார்.

"அண்ணா, அவசரத்துல எழுதிட்டேன். நான் யோசிக்கவே இல்லை."

"நல்லாத்தாம்மா எழுதியிருக்கே. நான் இப்படிச் செய்வேன்னு எனக்கே தெரியாது."

திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது அவளுக்கு.

அடுத்த மாதப் போட்டியில் தையல்காரருக்கு நான்காம் மேசை. நாற்காலிக்கான சம்மதத் தாளில் அவர் கையெழுத்துப் போடவில்லை. பத்திக்காரி மேசைகளைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே, கூட்டத்தோடு நின்று குறிப்பெடுத்தாள்.