மூன்று நிறுவனம், ஒரே மெக்கானிக்

அந்த மருத்துவமனைக்குப் பொருள் கொடுப்பவர்களும் பழுது பார்ப்பவர்களும் அவளைச் 'செவப்பு மேடம்' என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே இல்லை; லிப்ட் கதவு மூடிய பிறகு. இருநூற்றுப் பதினேழு நிறுவனங்களின் விவரங்கள் அவள் கணினியில் இருந்தன. உரிமம், காப்பீடு, பயிற்சிச் சான்றிதழ் எல்லாம் சரியாக இருந்தால் பெயருக்குப் பக்கத்தில் பச்சை. கெடு நெருங்கினால் மஞ்சள். முடிந்தும் புதுப்பிக்காவிட்டால் சிவப்பு. அப்புறம் வாசல் காவலாளியைத் தாண்ட முடியாது. "சான்றிதழ் நாளைக்கு வந்துடும் மேடம்" என்பவரிடம், "அப்ப நீங்களும் நாளைக்கே வந்துடுங்க" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். அந்தச் சிரிப்புக்குத்தான் பயப்படுவார்கள்.

வீட்டிலும் அப்படியே. டப்பாக்கள் எல்லாவற்றிலும் வாங்கிய தேதியை எழுதி ஒட்டியிருப்பாள். அவள் கணவர் விருந்தாளிகளிடம், "என் முதுகுலயும் ஏதாவது தேதி ஒட்டியிருக்கான்னு கொஞ்சம் பாருங்க" என்பார்.

அந்த வருடம் மென்பொருளில் புதிய பகுதி ஒன்று சேர்ந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தன் வேலையை வேறு யாரிடம் உள் ஒப்பந்தமாகக் கொடுக்கிறது என்று சொல்ல வேண்டும். பாதிப் பேர் 'யாரிடமும் இல்லை' என்று எழுதித் தப்பப் பார்த்தார்கள். அவள் விடுவாளா? ஒவ்வொருவரையும் போனில் பிடித்து, உண்மையில் வேலைக்கு வரும் ஆளின் பெயரையும் எண்ணையும் கறந்துவிட்டாள்.

ரத்தமும் தடுப்பூசியும் வைக்கும் குளிர் அறைக்கு மூன்று நிறுவனங்கள் இருந்தன. முதலாவது வராவிட்டால் இரண்டாவது, அதுவும் கைவிட்டால் மூன்றாவது. மூன்றும் பச்சை. விவரங்களை ஏற்றியபோது மூன்றுக்கும் கீழே ஒரே எண் வந்து உட்கார்ந்தது. அவளுக்கு மனப்பாடமான எண். குளிர்சாதன மெக்கானிக்கான அவளுடைய சொந்த அண்ணனின் எண்.

அண்ணன் முதல் நிறுவனத்துக்காக வந்துபோவது அவளுக்குத் தெரியும். உறவு என்று நிர்வாகத்துக்கு அப்போதே எழுதிக் கொடுத்திருந்தாள். மற்ற இரண்டும் இதுவரை தேவைப்பட்டதில்லை.

சாயங்காலம் நேரே அவர் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணே, குளிர் அறை ரிப்பேர் ஆகி நீ வரலன்னா யாரு வருவா?"

"ரெண்டாவது கம்பெனி ஆளு."

"அது நீதான்."

"மூணாவது?"

"அதுவும் நீதான். உனக்குக் காய்ச்சல்னா உனக்குப் பதிலா நீயே வருவியா?"

"எனக்கெல்லாம் காய்ச்சல் வர்றதில்ல."

"போன மாசம் நாலு நாள் படுத்திருந்தது பக்கத்து வீட்டுக்காரரா?" என்று அடுப்படியிலிருந்து அண்ணி கேட்டாள்.

அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. "இதை நீ ஏத்தினா, மூணுக்கும் ஒரே ஆளு கூடாதுன்னு அந்த ரெண்டு பேரும் என்னைக் கழட்டி விட்டுருவாங்க. பாதி மாசம் நான் சும்மா உக்காரணும்டி."

"தெரியும்ணே. ஏத்திட்டுத்தான் வந்தேன்."

"ஒரு வார்த்தை கேட்டுட்டு ஏத்தியிருக்கலாம்."

"கேட்டா வேணாம்பே. அப்புறம் அண்ணன் பேச்சை மீறினவளுன்னு எனக்குப் பேரு வரும்."

அண்ணி சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

அவர் சொன்னபடியே நடந்தது. இரண்டாவது நிறுவனம் வேறு ஆளைப் பிடித்து அவரை விட்டுவிட்டது. அதைவிடத் தமாஷ், மூன்றாவது நிறுவனத்தின் முதலாளி அவருக்கே போன் செய்து, "உங்க இடத்துக்கு நல்ல ஆளா ஒருத்தரை நீங்களே சொல்லுங்க" என்றார். தன்னை விட்டால் கம்ப்ரஸரைத் தொடக்கூடத் தகுதியான கை கிடையாது என்று நம்புகிற அண்ணன் இரண்டு நாள் யோசித்தார். பிறகு, இருபது வருடமாகத் தனக்குப் போட்டியாக இருக்கும் பின் தெரு மெக்கானிக், மூக்குக் கண்ணாடிக்காரரின் பெயரைக் கொடுத்தார். அந்த ஒருவர்தான் வேலை தெரிந்தவர். அது அவருக்கு எப்போதுமே தெரியும்.

மறுநாள் தங்கையின் போன் அடித்தது. அண்ணன்தான்.

"கண்ணாடிக்காரன் காகிதத்தை நல்லாப் பாரு. தேதி முடிஞ்சிருக்கும்."

"பாத்துட்டேன். அவருக்கு இன்னும் எட்டு மாசம் இருக்கு. உனக்குத்தான் பத்தொன்பது நாள்."

மிச்சமிருக்கும் ஒரே நிறுவனத்தையும் தங்கை கையாலேயே இழக்க அவர் தயாரில்லை.

"சான்றிதழ் புதுப்பிக்கிற ஆபீஸ் எத்தனை மணிக்குத் தொறப்பாங்க?" என்று கேட்டார்.