உதிர்ந்த காய்களால் ஒரு வட்டம்

மம்சாபுரத்துக்கு மேற்கே மலையடிவாரத்து மாந்தோப்பு ஒன்றில் அந்தக் கோடை முழுக்கக் காவலுக்கு இருந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன். ராஜபாளையத்தில் நூல் மில், கேரளாவில் ஹோட்டல், பிறகு லாரி என்று சுற்றிவிட்டு அங்கே வந்து சேர்ந்திருந்தேன். இரவுக்கும் பகலுக்கும் நான் ஒருவன்தான். சோறு குத்தகைக்காரர் வீட்டிலிருந்து வரும். சில நாள் வராது.

எங்கள் பக்கத்துத் தோப்புகளில் ஒரு வழக்கம் உண்டு. காற்றில் உதிரும் காய்களைக் காவல்காரன் பொறுக்கி, அந்தந்த மரத்தடியிலேயே குவித்து வைக்க வேண்டும். குத்தகைக்காரர் வந்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான். மரத்தடி காலியாகக் கிடந்தால், காவல்காரன் காயை ஊறுகாய்க்கு விற்றுவிட்டான் என்று பொருள். வேறு விசாரணை கிடையாது.

தோப்பின் சொந்தக்காரர் போனில் சொல்லிவிட்டு, சென்னையிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பியிருந்தார். சிற்பம் செய்யப் போவதாக அந்தப் பெண் சொன்னார். கையில் உளியும் இல்லை, சுத்தியலும் இல்லை. ஓடைக்கல்லையும் சருகையும் பொறுக்கிக்கொண்டு திரிந்தார். தோப்பை விற்க அளவெடுக்கிறாரோ, இல்லை எதையாவது புதைத்து வைக்க வந்தவரோ என்று பின்னாலேயே நடந்தேன். எதைக் கண்டாலும் செல்போனில் படம் எடுத்தது இன்னும் உறுத்தியது.

ஒருநாள், இரவெல்லாம் பன்றி விரட்டிய அலுப்பில் மதியம் கட்டிலில் சாய்ந்தேன். எழுந்து பார்த்தால் ஒரு மரத்தடியிலும் காய் இல்லை. அத்தனையும் பம்புசெட்டுக்கு முன்னால் பெரிய வட்டமாகக் கிடந்தன. வெளியே பச்சை, உள்ளே வெம்பல், நடுவில் அழுகல்.

“என்னம்மா இது?”

“இதுதான் அண்ணா சிற்பம். தினமும் கொஞ்சம் கொஞ்சமா அழுகி மாறும்.”

“அழுகுனதை யாரு பாப்பா?”

“எறும்பு பார்க்கும்” என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “எல்லாத்தையும் இருந்த எடத்துல வச்சிருங்கம்மா. அண்ணாச்சி பாத்தா என் சோலி முடிஞ்சிரும்.”

எந்தக் காய் எந்த மரத்துடையது என்று இருவருக்கும் தெரியவில்லை. அதற்குள் குத்தகைக்காரரின் பைக் வந்து நின்றது.

“ஏலே, காயெல்லாம் எங்க?”

“இந்தா, வட்டமா கெடக்கு அண்ணாச்சி. இந்தம்மா செஞ்ச சிற்பம்.”

அவர் அதை ஒருமுறை சுற்றி வந்தார். “அம்புட்டும் இதுதானா? வித்தது போக மிச்சத்துல கோலம் போட்டிருக்கியளோ? நல்ல கூட்டுலே.”

அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. “ஒரு காய்கூட வெளிய போகல சார். எடுக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு குவியலையும் படம் எடுத்திருக்கேன்” என்று போனை நீட்டினார்.

அவர் ஒவ்வொரு படத்தையும் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். வட்டத்தைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். முகம் மெல்ல இளகியது. கடைசிப் படத்தில் விரல் நின்றது. போனை என் பக்கம் திருப்பினார். குவியலுக்குப் பின்னால் கட்டிலில் நான் வாய் பிளந்து தூங்குகிறேன். தலைக்கு மேல் கிளையில் ஒரு குரங்கு காய் தின்றுகொண்டிருக்கிறது.

“நீ திருடலலே. ஒத்துக்கிடுதேன். குரங்குக்கில்ல காவல் இருந்திருக்க.”

“ராத்திரி முச்சூடும் பன்னி வெரட்டுனேன் அண்ணாச்சி. செத்த நேரந்தான் கண்ணசந்தேன்.”

“செத்த நேரமா? அது கொட்டையவே சூப்பிக்கிட்டு இருக்கு.”

அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டு எனக்காகப் பேசினார். குத்தகைக்காரர் காதில் வாங்கவில்லை. பொழுது சாயும் முன் கிளம்பச் சொல்லிவிட்டார்.

கேட்டருகே அவர் கேட்காமலே பையைத் திறந்து காட்டினேன். ஒரு சட்டை, ஒரு கைலி, சோப்புப் பெட்டி. கையை உள்ளே விட்டு அடிவரை துழாவிய பிறகுதான் வழிவிட்டார்.