கல்லறை இல்லாத கல்லறைத் திருநாள்

என் வீட்டுக்காரர் உத்தமபாளையம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விலங்கியல் வாத்தியார். வாரநாளில் பிள்ளைகளுக்குப் பரிணாமம் நடத்துவார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பீடத்தில் ஏறி நின்று, கடவுள் ஆதாமைப் படைத்ததை வாசிப்பார். வெள்ளிக்கிழமை வரைக்கும் குரங்கு, ஞாயித்துக்கிழமை ஆதாமா என்று வம்புக்கு இழுப்பேன். மனுஷனுக்குக் கோபமே வராது. கடவுள் செய்ததைத்தான் தானும் பாடமாக நடத்துவதாகச் சொல்லிவிட்டுத் தோசையைப் பிட்டுக்கொண்டிருப்பார்.

தேனியில் மருத்துவக் கல்லூரி வந்த பிறகுதான் சண்டை வந்தது. தான் செத்தால் பிள்ளைகள் படிக்க உடம்பை அங்கே கொடுத்துவிட வேண்டும் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசி நாளில் உடம்போடு எழுந்திருப்போம் என்று பூசையில் சொல்கிறோமே, அதை நான் நம்பித்தான் சொல்கிறேன்.

"எலும்பு ஒரு பக்கம், ஈரல் ஒரு பக்கம்னு கெடந்தா எப்படி எந்திரிப்பீக?" என்று கேட்டேன்.

"கடல்ல செத்து மீனுக்கு எரையான ஆளையே எழுப்புற சாமிக்கு, காலேஜ்ல கெடக்குற என்னைய எழுப்பத் தெரியாதா புள்ள?" என்றார்.

பங்குச் சாமியாரிடம் ஓடினேன். திருச்சபை தடுக்கவில்லை, நல்ல காரியம்தான் என்று அவரும் சொல்லிவிட்டார். சரிதான், இரண்டு பேரும் கூட்டு என்று நினைத்துக்கொண்டு சம்மதித்தேன். எப்படியும் நான்தான் முந்திப் போவேன் என்ற தைரியம் வேறு.

போகவில்லை. ஓர் ஆவணியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர் போய்ச் சேர்ந்தார். பூசை முடிந்ததும் பெட்டி கல்லறைத் தோட்டத்துக்குப் போகவில்லை, தேனிக்குப் போனது.

அந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு ஊரே தோட்டத்தில் இருந்தது. வெள்ளையடித்து, செவ்வந்தி பரப்பி, அவரவர் ஆட்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இருந்தவரை புருஷனிடம் முகம் கொடுத்துப் பேசாதவள்கூட அவன் கல்லறையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு வயிறெரிந்தது.

அவர் படித்த விஞ்ஞானமும் சரி, நான் நம்புகிற வேதமும் சரி. இரண்டுக்கும் சண்டை இல்லை என்று இப்போது நானே ஒத்துக்கொள்வேன். ஆனால் அவர் பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார எனக்கு ஓர் இடம் வேண்டும். அதை இரண்டுமே தரவில்லை. ஏங்கி ஏங்கிக் கண்ணே பூத்துப்போனது.

தோட்டத்து நடுவில் நிற்கும் பெரிய சிலுவையடியில் மெழுகுவர்த்தியை ஏற்றினேன். எழுந்திருக்கும் நாளில் இங்கே எல்லோருக்கும் அவரவர் ஆள் பக்கத்திலேயே இருக்கும். அவர் மட்டும் தேனியிலிருந்து வர வேண்டும். வாய்விட்டே சொன்னேன்.

"எந்திரிச்சதும் அங்கன நின்னு யாருக்கும் பாடம் நடத்திக்கிட்டு இருக்காதீக. மொத பஸ்ஸப் புடிச்சு வந்துருங்க."