ஆடி மாதத்து அட்சதை

ஆடி மாதத்தில் கல்யாணப் படம் எடுக்கிறவனுக்கு வேலை கிடையாது. கேமராவும் ஃபிளாஷும் பீரோ மேல் கிடக்கும். நான் கட்டிலில் கிடப்பேன். மனைவி பிரிந்து போன பிறகு இந்த மாடி வீட்டில் நான் மட்டும்தான். பால்காரரிடம் ஒரு வார்த்தை பேசலாம் என்றால், அவரும் பாக்கெட்டைக் கம்பியில் மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்.

இந்த ஆடியில் துணைக்குக் கோபம் இருந்தது. அகரம் ஊரில் நான் எடுத்த கல்யாண ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, மணப்பெண்ணின் அண்ணன், "அச்சதை போட்ட மாதிரி இல்லண்ணே, தலையில புழு விழுகுற மாதிரி இருக்கு" என்றான். வீடே சிரித்தது. அவன் சொன்னது சரி. அதனால்தான் கோபம். மண்டப வெளிச்சத்தில் விழுகிற அரிசி கோடு கோடாகத்தான் பதியும். ஒவ்வொரு அரிசியும் தனித்தனியாக அந்தரத்தில் நிற்கிற மாதிரி ஒரே ஒரு படமாவது எடுத்தாக வேண்டும் என்று வீட்டிலேயே இறங்கினேன்.

அறையை இருட்டாக்கி, கேமராவைச் சில விநாடிகள் திறந்து வைத்து, அரிசி விழும்போது ஃபிளாஷை மட்டும் அடிக்க வேண்டும். அந்த மின்னலில் தெரிவது மட்டும் பதியும். ஃபிளாஷின் பவரை ஏற்றக் கூடாது, இறக்க வேண்டும். அப்போதுதான் வந்த வேகத்தில் அணையும். வெளிச்சம் போதாது என்றால் ஃபிளாஷைக் கிட்டே நகர்த்திக்கொள்ள வேண்டியதுதான்.

ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டினேன். ஆடிக் காற்று தூக்கியது, ஆணி அடித்தேன். பச்சரிசியில் மஞ்சளும் நெய்யும் பிசைந்தேன். அரிசி பறக்கும் என்று மின்விசிறியும் போடவில்லை. ஒரு கையால் தூவி, மறு கையால் ஃபிளாஷின் ரிமோட்டை அழுத்தினேன். கை வீசும் முன்பே விரல் அழுத்தியது. இல்லையென்றால் அரிசி தரையைத் தொட்ட பிறகு அழுத்தியது. இது இரண்டு ஆள் வேலை. தெரியும். கூப்பிட ஆள் வேண்டுமே. பிடிவாதமாகத் தூவிக்கொண்டே இருந்தேன்.

ஆணி அடித்த சத்தம் கேட்டு, கீழே குடியிருக்கும் வீட்டு ஓனர் அக்கா கதவைத் தட்டினார். திறந்ததும் தரையைப் பார்த்தார். பூராவும் மஞ்சள் அரிசி. ஜன்னல்களைப் பார்த்தார்.

"ஏந்தம்பி, ஆடியிலயா தாலி கட்டுவ? ஒரு வார்த்த சொல்லலையே. பொண்ணு எங்க, கட்டிலுக்கு அடியிலயா?"

"பொண்ணுமில்ல, மண்ணுமில்ல. படம் எடுக்குறேன்."

"அப்ப அச்சதை யாருக்கு?"

"யாருக்குமில்ல."

"ஆளில்லாத எடத்துல அச்சதை போடுவாகளா? கிறுக்கா ஒனக்கு?"

எரிச்சலில் அரிசித் தாம்பாளத்தை அவர் கையில் திணித்தேன். "நீங்களே போடுங்கக்கா. நான் லைட்ட அடிக்கிறேன்."

"வெறுந்தரையில நான் போட மாட்டேன். நீ போயி நில்லு."

கேமராவைத் தானாகத் திறக்கும்படி வைத்துவிட்டு, ரிமோட்டை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, கறுப்புத் துணிக்கு முன்னால் போய் நின்றேன். இருட்டில் அக்கா ஏதோ முணுமுணுத்தார். முதல் அரிசி நெற்றியில் பட்டதும் அழுத்தினேன். நாள் முழுக்கப் பிடிபடாத நேரம், அரிசிக்குக் கீழே நின்றபோது தானாகப் பிடிபட்டது.

படம் அமைந்துவிட்டது. நொய் எது, முழு அரிசி எது என்று எண்ணிவிடலாம். அக்கா கேமராவின் திரையை எட்டிப் பார்த்தார்.

"அம்புட்டும் அந்தரத்துலயே நிக்குதே. நீ என்ன, எழவு வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கிற?"

கீழே குக்கர் விசில் அடித்தது. போய்விட்டார்.

பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அக்கா ஒருத்தனுக்கு மட்டும் போடவில்லை. ஜோடிகளுக்கே போட்டுப் பழகிய கை. பாதி அரிசி என் தலைக்கு மேல், பாதி எனக்குப் பக்கத்தில், வெறும் கறுப்புக்கு மேல். நானும் ஓர் ஆளுக்கு இடம் விட்டுத் தள்ளித்தான் நின்றிருக்கிறேன். நின்றபோது தெரியவில்லை.

அந்தப் பாதிதான் சுத்தமாகப் பதிந்திருக்கிறது. மறைக்க யாரும் இல்லை.