அண்ணனுக்குக் கொடுத்த மஜ்ஜை

கணக்கில் தப்பு வந்தால் என் அண்ணன் இன்றும் என் ரத்தத்தைத்தான் குறை சொல்வான். அவன் உடம்பில் ஓடுவது என் ரத்தம் என்பதால் எனக்கும் மறுக்க வழியில்லை.

அப்போது நான் மானாம்பதியில் மூன்றாம் வகுப்பு. அண்ணனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று அம்மாவும் அப்பாவும் சென்னை மருத்துவமனையிலேயே கிடந்தார்கள். கீமோவில் நோய் அடங்கியது. ஆனால் திரும்ப வராமலிருக்க வேறொருவரின் எலும்பு மஜ்ஜையிலிருந்து ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்களை எடுத்துச் செலுத்த வேண்டும் என்றார் டாக்டர். வீட்டில் எல்லோரையும் சோதித்ததில் என்னுடையதுதான் பொருந்தியது.

அம்மா என்னை மடியில் உட்கார வைத்துக் கேட்டாள். "ஒன் எலும்புக்குள்ள கீற மஜ்ஜைய கொஞ்சம் அண்ணனுக்குத் தரணும். தர்றியா?"

எலும்பை வெட்டுவார்களா, நொண்டியாகிவிடுவேனா என்று கேட்டேன்.

"மயக்கம் குடுத்து ஊசிலதான் எடுப்பாங்க. நம்ம கெணறு மாதிரி திரும்ப ஊறிடும்."

சரி என்றேன். அத்தையின் பொறுப்பில் என்னை ஊரில் விட்டுப் போனார்கள். சளி பிடித்தவர்கள் யாரும் என்னை நெருங்கக்கூடாது என்று உத்தரவு. எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

அப்பா என்னை அழைத்துப்போக வந்த அன்று பிற்பகல், ஏரிக்கரையில் தோழிகளோடு தொப்பலாக நனைந்து ஆடிக்கொண்டிருந்தேன். அடி விழும் என்று நின்றேன். அப்பா அடிக்கவில்லை. தன் சட்டையைக் கழற்றி என் தலையைத் துவட்டினார்.

"ஜொரம் வந்துச்சின்னா நான் இன்னா பண்ணுவேன் கண்ணு" என்றார், மிக மெதுவாக.

அங்கே அண்ணனுக்குக் கடைசி மருந்து ஏறத் தொடங்கியிருந்தது. அது அவனுடைய சொந்த மஜ்ஜையை அழித்துவிடும். பிறகு என்னுடையது போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும்; எனக்குக் காய்ச்சல் கண்டால் எடுக்க மாட்டார்கள். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. உத்திரமேரூர் போய், அங்கிருந்து சென்னை வரை பஸ்ஸில் அப்பா என் கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி வந்தார். செல்லம் கூடிவிட்டது என்று நான் சாய்ந்து தூங்கினேன்.

காய்ச்சல் வரவில்லை. மயக்கம் தெளிந்தபோது இடுப்பு மட்டும் வலித்தது. அன்றே என் மஜ்ஜை ஒரு பையில் தொங்கி, சொட்டுச் சொட்டாக அண்ணனுக்குள் இறங்கியது. சாதாரண ரத்தம் போலவே இருந்ததில் எனக்குப் பெருத்த ஏமாற்றம். அதன்பின் பல நாள் அவனைக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தோம். வாயெல்லாம் புண்ணாகி, கையை அசைக்கக்கூடச் சலித்துக்கொண்டான்.

ஒரு காலை டாக்டர் வெளியே வந்து, புதிய ரத்த அணுக்கள் வளரத் தொடங்கிவிட்டன என்றார். அப்பா சுவரில் சாய்ந்துகொண்டார். அம்மா என் கையைப் பிடித்து கேன்டீனுக்கு நடந்தாள். அத்தனை நாளும் டீயோடு நிறுத்திக்கொண்டவள் பொங்கல் வாங்கினாள். தலை நிமிராமல் தின்று முடித்து இன்னொரு தட்டு வாங்கினாள். எனக்கு வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

அண்ணன் இன்னும் அந்த அறைக்குள்ளேயே கிடக்கும்போது அம்மாவுக்கு எப்படி இவ்வளவு பசிக்கிறது என்று, எனக்குக் கோபம் கோபமாக வந்தது.