ஒரே ஒரு குடுவை

வேதியியல் ஆய்வகத்தில் குடுவை கழுவும் அக்காவுக்கு மாணவர்கள் வைத்த பெயர் ‘கண்ணாடி போலீஸ்’. பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் வந்தால், யாராக இருந்தாலும் வாசலிலேயே வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். அவளுடைய இடது கண் மட்டும் எந்தப் பக்கமும் திரும்பாது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

ஒருநாள் துறைத்தலைவரே வெறுங்கண்ணோடு நுழைந்தார். அக்கா ஈரக் கையைக் குறுக்கே நீட்டினாள்.

“ஒரே ஒரு பாட்டில்தாம்மா. எடுத்துட்டு உடனே போயிடறேன்.”

வழக்கமாக உயரும் அவள் குரல் இப்போது உயரவில்லை.

“எனக்கும் அன்னைக்கு ஒரே ஒரு குடுவைதான் சார் பாக்கி. ஆவி படிஞ்சு மங்குதுன்னு கண்ணாடியைக் கழட்டிட்டேன். தண்ணின்னு நினைச்சுத்தான் கவிழ்த்தேன். உள்ள ஆசிட் இருந்துச்சு, தெறிச்சிடுச்சு.”

ஆணியில் தொங்கிய கண்ணாடியை அவர் எடுத்து மாட்டிக்கொண்டார். பதினாறு வருடமாகத் தெரிந்தவளின் அந்தக் கண்ணை அன்றுதான் நேராகப் பார்த்தார்.