டாக்டரிடம் இல்லாத ரெக்கார்டு

இன்று காலை இருமலுக்காகத் திருவொற்றியூரில் எங்கள் குடும்ப டாக்டரிடம் போயிருந்தேன்.

எனக்கு முன்னால் ஒரு மருத்துவக் கல்லூரிப் பெண் அவரிடம் பேசிக்கொண்டிருந்தார். இந்தப் பகுதியின் மூச்சிரைப்பு பற்றி ஆராய்ச்சியாம். "நீங்களும் சேரணும் சார்."

"எங்கிட்ட ரெக்கார்டே கிடையாதும்மா. மருந்துச் சீட்டு எழுதி நோயாளிங்க கையிலேயே குடுத்துடுவேன்."

உண்மைதான். எங்கள் அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான்.

என் பக்கத்தில் இருந்த மீன்கார அக்கா விருட்டென்று எழுந்து போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு மஞ்சள் பையோடு வந்து மேஜைமேல் கவிழ்த்தார். எல்லாம் இறந்துபோன அவர் கணவரின் சீட்டுகள்.

"இன்னா சார், ரெக்கார்டு இல்லன்றே? எங்க வூட்டுக்காரு மொத இருமல்லேந்து கடசி வரிக்கும் நீ எய்துனது அல்லாம் இங்க கீது. அவுருக்குத்தான் ஆவல. புள்ளைங்களுக்காவது ஆவட்டும்."

டாக்டர் ஒவ்வொன்றாகத் தேதிவாரியாக அடுக்கினார். கடைசிச் சீட்டைக் கீழே வைக்காமலேயே, "எங்கேம்மா கையெழுத்து போடணும்?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

வீட்டுக்கு வந்து பீரோவைக் குடைந்தேன். பிறகுதான் நினைவு வந்தது. மூச்சிரைப்பில் இறந்த அப்பாவின் சீட்டுகளைப் போன போகிக்கு நான்தான் கொளுத்தினேன்.

அந்தப் புகையையும் ஆராய்ச்சியில் சேர்ப்பார்களா, தெரியவில்லை. உங்கள் வீட்டிலாவது சீட்டுகள் மிச்சம் இருக்கின்றனவா?